பெரிதாக்கிய படத்தை வைத்து அளந்தேன்

அருண்,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்தது. கூரியர்க்காரர் உன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். பெற்ற மகனின் கல்யாணப் பத்திரிகையைக் கூரியரில் வாங்கிய அம்மா இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படும் தகுதி எனக்கு இப்போது கிடையாது. மஞ்சள் தடவிய ஓரம், பிள்ளையார் படம், முகூர்த்த நேரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என் பெயரில் நின்றேன். பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட். என்று போட்டு, அதற்குக் கீழே ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை என்றும் அச்சடித்திருந்தது. படித்ததும் முகம் சுட்டது. பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நீ ஏன் வீட்டில் இல்லை என்று கேட்பவர்களிடமெல்லாம், ஆபீஸ் மறைமலை நகர்ப் பக்கம் மாறிவிட்டது, பொத்தேரியில் தங்கினால் போக வர வசதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். காய்கறிக்காரம்மா முதல் பொழிச்சலூரில் இருக்கும் உன் சித்தி வரை எல்லோருக்கும் இதே கதைதான். உண்மை நம் மூன்று பேருக்கும் கல்யாணப் பெண் நிவேதாவின் வீட்டுக்கும் மட்டும் தெரியும். இந்தக் கடிதத்தை நீ முதலில் படி. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை நம் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இதை அப்படியே போடப்போகிறேன், சங்கத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப்போகிறேன். ஒரு மனிதரை நூறு பேர் முன்னால் வைத்துப் பேசிவிட்டு, மன்னிப்பை மட்டும் மகன் காதில் ரகசியமாகச் சொன்னால் அது மன்னிப்பாகாது. அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் மறுபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

என்னிடம் ஒரு வான்வழிப் புகைப்படம் இருப்பது உனக்குத் தெரியும். நான் படித்த கல்லூரியில் பழைய பிராக்டிகல் சாமான்களைக் கழித்துக்கட்டியபோது கேட்டு வாங்கி வந்தது. விமானத்திலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்த படம். நம் காலனி வருவதற்கு வெகுகாலம் முன்பு ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் எப்படி இருந்தது என்று அதில் தெரியும். ஏரி, அதன் கரை, மதகு, வயல், ஒற்றையாய் ஒரு ரோடு. நீ சின்னப் பையனாக இருந்தபோது அதில் நம் வீட்டைத் தேடிக் காணாமல் அழுதிருக்கிறாய். இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு தரையில் எது எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அதன் ஸ்கேலைக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் எத்தனை மீட்டர் என்பதுதான் ஸ்கேல். கேமரா லென்ஸின் குவியத் தூரத்தை விமானம் பறந்த உயரத்தால் வகுத்தால் அது வந்துவிடும். இரண்டுமே படத்தின் ஓரத்தில் குறித்திருக்கும். நம் படத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர். இதை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். சூத்திரத்தில் வந்த விடையை அப்படியே நம்பாதே, தரையில் நீளம் தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் அளந்து சரிபார் என்பேன். சரிபார்க்காத விடைக்கு நான் அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை.

சென்ற மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. எப்போதும்போல முதலில் நம் சமையலறைக்குத்தான் வந்தது. கேஸ் சிலிண்டரைத் தூக்கி மேடைமேல் வைத்துவிட்டு, நானும் உன் அப்பாவும் பின்சுவரில் ஏறும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வடிந்ததும் காலனியில் ஒரே பேச்சு, ஏரியை யாரோ ஆக்கிரமித்துவிட்டார்கள், அதனால்தான் தண்ணீர் நம் பக்கம் திரும்புகிறது என்று. யார் அந்த யாரோ? காலனிக்காரர்களாகிய நாம் எல்லோரும் சம்பளம் வாங்கி, கடன் போட்டு, அப்ரூவல் பார்த்து வீடு கட்டியவர்கள். ஆகவே அது நாமாக இருக்க முடியாது, பழைய ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டோம். ஏரியின் எல்லை எது என்ற சர்வே கணக்கு தாலுகா அலுவலகத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்துக் காத்திருந்து வாங்க ஒருவருக்கும் பொறுமையில்லை. டீச்சரிடம் படம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, சங்கச் செயலாளர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "மேடம், நீங்க ஒரு தடவை எல்லாருக்கும் எக்ஸ்ப்ளெயின் பண்ணிட்டீங்கன்னா போதும்" என்றார். ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் எதையும் விளக்கச் சொன்னதே இல்லை. உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

இதற்குள் உன் விஷயமும் வந்து நின்றது. நிவேதாவைப் பற்றி நீ சொன்ன நாளில் நான் கேட்ட முதல் கேள்வி, அவள் எப்படிப்பட்ட பெண் என்பதல்ல. "அவங்க வீட்டுல யாரு படிச்சிருக்கா?" என்றுதான் கேட்டேன். அவள் படித்தவள், வங்கியில் வேலை பார்க்கிறாள் என்றாய். அவளை விடு, அவள் அப்பா என்றேன். ஏகாம்பரம், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், முன்பு விவசாயம், இப்போது மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை என்றாய். எனக்கு உடனே ஒரு சித்திரம் வந்துவிட்டது: நிலத்தை விற்றுக் காசு பார்த்தவர், வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலி. நேரில் போனபோது சங்கிலியும் இல்லை ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் பெயிண்ட் ஷேடு கார்டு வைத்துக்கொண்டு, நான் சாப்பிடும்வரை உட்காராமல் நின்றுகொண்டே பரிமாறினார். அதற்கும் என்னிடம் ஒரு குறை தயாராக இருந்தது. வீட்டுக்கு வந்து, அவர் "வூட்டுக்கு வந்துகினே இருங்க டீச்சரம்மா" என்று சொன்னதை அப்படியே பேசிக்காட்டிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாய். அன்று உன் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தாலே எனக்குப் பாதி புரிந்திருக்கும்.

சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டுமே என்று படத்தைக் கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். அந்தப் பையன் அதை ஏ3 தாளில் முழுதாக வரும்படி எடுத்து, லேமினேஷனும் போட்டுக் கொடுத்தான். அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து அடிஸ்கேலால் அளந்தேன். மதகிலிருந்து எதிர்க் கரையில் தண்ணீர் முடியும் இடம் வரை ஐந்து சென்டிமீட்டர். ஆக ஐந்நூறு மீட்டர். செயலாளர் போனில் மேப்பை எடுத்து மதகிலிருந்து அளந்து பார்த்தார். அந்த எதிர்க் கரைப் பக்கம் இருக்கும் ஏகாம்பரம் வீடு நானூற்றைம்பது மீட்டரில் வந்தது. ஏரிக்குள். அந்த நிமிஷம் என் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அருண். நான் நினைத்தது சரியாகப்போயிற்று என்று ஒரு சந்தோஷம். இனி இந்தச் சம்பந்தத்தை யாரும் என்னிடம் நியாயப்படுத்த முடியாது என்று இன்னொரு சந்தோஷம். உன் அப்பா பேப்பரைத் தாழ்த்தி, "சரிபார்த்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். "என் சப்ஜெக்ட் எனக்குத் தெரியும்" என்றேன். அவர் பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

கூட்டத்துக்கு ஏகாம்பரமும் வந்திருந்தார். நீயும் கடைசி வரிசையில் இருந்தாய். நாற்காலி போதவில்லை என்று அவர் கடையிலிருந்து நாற்காலிகளை அனுப்பியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. சம்பந்தியம்மா பேசப்போகிறாள் என்று முன்வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். நான் குச்சியை வைத்துப் படத்தில் காட்டி, வகுப்பெடுப்பதுபோலவே எல்லாம் சொல்லி, கடைசியில் அவர் வீட்டு இடத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டேன். அவர் எழுந்து நின்றார். "இன்னா டீச்சரம்மா இப்டி சொல்லிட்டீங்க? எங்கப்பா ஏர் ஓட்டி நெல்லு போட்ட எடம் அது. ஏரின்றீங்களே?" நான் சொன்னேன், "நான் சொல்லலை சார், படம் சொல்லுது. படத்துக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது." கைதட்டினார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து அந்தச் சிவப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் பிரியல. நீங்க படிச்சவங்க, சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவர் சண்டை போட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வலிக்காது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "நம்ம வீட்டுப் பக்கம் அளந்து பாத்தியாம்மா?" சத்தம் போடாமல்தான் கேட்டாய். நான்தான் சத்தம் போட்டேன். "எனக்கே பாடம் நடத்துறியாடா? இன்னும் தாலிகூடக் கட்டலை, அதுக்குள்ள அந்த வீட்டுக்கு வக்காலத்தா?" என்றேன். அதோடு விட்டேனா? நிவேதாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. மறுநாள் நீ பையை எடுத்துக்கொண்டு பொத்தேரிக்குப் போனாய். அவர் வீடு ஏரிக்குள் இருக்கிறது என்று சங்கம் தாலுகா அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தது, முதல் கையெழுத்து என்னுடையது. அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து ஏகாம்பரம் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி போட்டு, மறுபடி அளக்கும்வரை எதையும் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் கல்யாணத்துக்கென்று மாடியில் அவர் எழுப்பிய சுவர் பாதியில் நின்றது. தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நிவேதாவின் அம்மா வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

உன் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஒழுங்கான காரணத்துக்காக அல்ல, உன்னைத் தப்பு என்று நிரூபிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு மத்தியானம் படத்தை மறுபடி விரித்தேன். நம் வீட்டுப் பக்கம் அளக்கும் முன், பழக்க தோஷம், ஏரிக்கரையை அளந்தேன். கரை இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் மேலே ரோடு போட்டார்களே தவிர நகர்த்தவில்லை. போனில் அளந்தால் ஒரு கிலோமீட்டர். என் படத்தில் அளந்தால் ஒரு கிலோமீட்டரும் முந்நூறு மீட்டரும். மறுபடி அளந்தேன், அதேதான். ஏரிக்கரை நீளாது. அப்போதுதான் பீரோவில் உறையோடு இருந்த பழைய படத்தை எடுத்து வந்து, ஜெராக்ஸ் பையன் கொடுத்ததன் மேல் வைத்தேன். சாப்பாட்டுத் தட்டில் டிபன் தட்டை வைத்ததுபோல அது உள்ளடங்கி உட்கார்ந்தது. சுற்றிலும் பெரிய படத்தின் ஓரம் தெரிந்தது. 

உனக்குப் புரிந்திருக்கும், ஆனாலும் குழுவில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஓரத்தில் குறித்திருந்த லென்ஸும் உயரமும் பழைய சின்னப் படத்துக்குத்தான் பொருந்தும். அதில் ஒரு சென்டிமீட்டர் நூறு மீட்டர். அதையே ஏ3 தாள் அளவுக்குப் பெரிதாக்கினால் ஒரு சென்டிமீட்டர் எழுபத்தேழு மீட்டர்தான் வரும். நான் சூத்திரத்தைச் சின்னப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அடிஸ்கேலைப் பெரிய படத்தில் வைத்துவிட்டேன். ஏரி தரையில் ஒரு அடி கூட வளரவில்லை, என் மேஜைமேல்தான் வளர்ந்தது. சரியான கணக்கில் தண்ணீர் முந்நூற்று எண்பத்தைந்து மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஏகாம்பரத்தின் வீடு அதற்கு அறுபத்தைந்து மீட்டர் அப்பால், அவர் சொன்ன மாதிரியே நெல் வயலில் இருக்கிறது. இதே தவறைச் செய்த ஒரு பெண்ணின் தாளை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "ஜெராக்ஸ் போட்டா ஊரே பெருத்துடுமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான்.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். தவறு தெரிந்த அன்றே நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு படங்களையும் உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டுச் சாயங்காலம் சாம்பாருக்குப் புளி கரைத்தேன். எப்படியும் அவர்கள் வந்து அளக்கத்தானே போகிறார்கள், தானாக உண்மை வெளியே வரட்டும், நான் எதற்கு இடையில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைத்தெருவுக்குப் போகும்போது அந்தச் சிவப்புக் குறி இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். சங்கத்தில் என்னைப் பார்த்து "சூப்பர் மேடம்" என்றவர்களிடம் சிரித்தேன். ஒரு விடை தப்பாகிப்போவது யாருக்கும் நடக்கும். தப்பென்று தெரிந்த பிறகும் அந்தக் கைதட்டலை நான் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் எனக்கு அவமானம்.

உன் சித்தி வீட்டு மொட்டைமாடி நினைவிருக்கிறதா? பொழிச்சலூரில் தலைக்கு நேர் மேலே விமானம் இறங்கும். நீ துண்டை ஆட்டிக்கொண்டே, "அங்கேருந்து பாத்தா நான் தெரிவேனாம்மா?" என்று கேட்டாய். "தெரியவே மாட்டே, புள்ளிகூடக் கிடையாது" என்றேன். பாடம் என்று பார்த்தால் சரியான பதில்தான். நீ துண்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். சரியான பதிலைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று வாழ்ந்திருக்கிறேன். அதைக் கேட்பவரின் முகம் என்ன ஆகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை. உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் போனதும் இப்படித்தான், நீ பொத்தேரிக்குப் போனதும் இப்படித்தான்.

நீ குடும்பம் நடத்தப்போகிறாய். அறிவுரை சொல்ல எனக்கு வாயில்லை, ஆனால் அம்மா என்பதால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நிவேதாவோடு சண்டை வரும். வராத வீடு இல்லை. சண்டையில் ஏதோ ஒரு விடை உனக்கு ரொம்பப் பிடித்துப்போகும், இவள் இப்படித்தான், இவள் வீட்டார் இப்படித்தான் என்று. எந்த விடை உனக்கு அப்படி இனிக்கிறதோ அதைத்தான் இன்னொரு இடத்திலும் அளந்து பார்க்க வேண்டும். பிடிக்காத விடையை எல்லோரும் பத்து தடவை சரிபார்ப்போம், நானும் அப்படித்தான். அவள் பேச்சை எவர் முன்னாலும் பேசிக்காட்டாதே. உன் அப்பா மாதிரி ஒரே வார்த்தை கேட்டுவிட்டு அடங்கியும் போகாதே, இரண்டாவது தடவையும் கேள். அவள் உன்னைக் கேட்டாலும் சத்தம் போடாதே.

பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தேன் என்றேன் அல்லவா? உன் அப்பா அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு, இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் ஏகாம்பரம் அவருக்குப் போன் செய்தாராம். நீ உன் அம்மா பெயர் இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாயாம். அவர் கேட்கவில்லையாம். "தம்பி கோவத்துல சொல்லுது சார். டீச்சரம்மா படிப்ப போடாம எப்டி? எம்.ஏ.வா எம்.எஸ்சி.யா, கரீட்டா சொல்லுங்க. தப்பா போட்டா அவங்களுக்கு அவமானம்" என்றாராம். சுவரில் சிவப்புக் குறியோடு உட்கார்ந்துகொண்டு, என் படிப்பில் ஒரு எழுத்துகூடத் தப்பாகிவிடக் கூடாது என்று சரிபார்த்திருக்கிறார். நான் செய்யாமல் விட்டதை அவர் எனக்காகச் செய்திருக்கிறார். இதைக் கேட்டுவிட்டு அழுதேன். உன் அப்பா பேப்பரை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை அலுவலகத்துக்குப் போய், நான் காட்டிய அளவு தவறு, மனுவிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து நேராக, சுற்றுவழியில் போகாமல், அவர் வீட்டுக்குப் போனேன். நிவேதாவின் அம்மா கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்று சொன்னேன். ஏகாம்பரம் முழுதும் கேட்டுவிட்டு, "சரி டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டப்போகிறேன். கல்யாணத்துக்கு நான் வருவதா வேண்டாமா என்பதை நீயும் அவர்களும் சொல்லுங்கள். மேடையில் நிற்கச் சொன்னால் நிற்பேன், கீழே உட்காரச் சொன்னால் கடைசி வரிசையில் உட்காருவேன், வராதே என்றால் இங்கேயே இருந்துகொள்வேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. கூட்டத்துக்கு முன் உனக்குத்தான் தெரிய வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டை உனக்கென்றுதான் கட்டினோம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால் இருந்திருக்கிறது. அதை அடைத்துத் தண்ணீரை நம் பக்கம் திருப்பிய அந்த யாரோ யார் என்றுதான் காலனியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பழைய படத்தில் அது பென்சில் கோடு மாதிரி தெளிவாகத் தெரிகிறது. சின்னப் படத்தில், சரியான ஸ்கேலில், கரையையும் ரோட்டையும் வைத்து இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். நம்ம வீட்டுப் பக்கம் அளந்து பார்த்தியா என்று கேட்டாய். அளந்துவிட்டேன் அருண். அந்த வாய்க்கால் நம் வரிசை வீடுகளின் பின்பக்கமாக வந்து, நம் சமையலறை வழியாகப் போகிறது.

அம்மா